ரயில் விட்டுச் சென்ற கடற்கரை

கர்ஜத் ஸ்டேஷனில் வண்டி சற்றே நின்று, பின்னால் பாங்கர் எஞ்சின்கள் வந்து சேர்ந்த பிறகே மலையேறத் தொடங்கும் என்பதைக் கல்யாணிலும் டோம்பிவிலியிலும் வாழும் நம் சங்கத்து அன்பர்கள் நன்கறிவர். கோடை விடுமுறைக்குக் குழந்தைகளுடன் ஊர் செல்லும்போது, "ஏன் அப்பா நின்றுவிட்டது?" என்ற கேள்விக்கு விடை சொல்லாத தகப்பனார் நம்மில் எவரும் இலர். அவ்விடத்துப் போர்காட் ஏற்றத்தை ரயில்வேக்காரர்களாகிய நாம் 37-க்கு 1 என்று குறிப்பிடுவோம். அதாவது, 37 அடி முன்னே சென்றால் 1 அடி உயர வேண்டும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இவ்வேற்றத்துக்கே வண்டியின் முன்னும் பின்னும் எஞ்சின்கள் தேவைப்படுகின்றன.

இத்தாலி தேசத்தின் வடமேற்குக் கடற்கரையில், சான்ரெமோ என்னும் நகரை அடுத்து, போஜ்ஜோ என்றொரு குன்று உண்டு. அதன்மீது செல்லும் சாலையின் சராசரி ஏற்றம் 27-க்கு 1. நம் போர்காட்டைவிடக் கடுமையானது. அதனைச் சைக்கிளில் ஏறுகிறார்கள். அதுவும் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் மிதித்து வந்த பிறகு, ஆறே நிமிஷத்துக்குள் ஏறிவிடுகிறார்கள்! மார்ச் மாதந்தோறும் நடைபெறும் மிலான் – சான்ரெமோ பந்தயத்தின் இறுதிக் கட்டம் இது. சைக்கிள் பித்துக் கொண்ட நம் புதல்வனுடன் அமர்ந்து இப்பந்தயத்தைக் கைப்பேசியின் சிறு திரையில் பார்க்கத் தொடங்கிய நமக்கு, நாளடைவில் ஓட்டக்காரர்களைவிட அவர்கள் ஓடும் வழியே பெரிதாகிவிட்டது. குமாஸ்தா உத்தியோகத்தில் இருப்பவனுக்கு மத்தியதரைக் கடல் கைக்கெட்டும் தூரமன்று. ஆயினும் வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்வதற்கு டிக்கட் வேண்டியதில்லை அல்லவா?

அக்கடற்கரையின் அமைப்பை முதலில் சொல்லவேண்டும். லிகூரியா எனப்படும் அப்பிரதேசத்தில் மலைகள் கடலுக்கு வெகு அருகில் வந்து நிற்கின்றன. சமவெளி என்பது பெரும்பாலும் ஒரு வீதியும் சில வீடுகளும் கொள்ளுமளவே. ஆங்காங்கே மலையின் கால்கள் கடலுக்குள்ளேயே நீண்டு முனைகளாகின்றன. இத்தகைய நாட்டில் சாலை போடுகிறவன் ஒவ்வொரு முனையிலும் ஏறி இறங்க வேண்டும். இருப்புப் பாதை போடுகிறவனோ குடைந்து செல்ல வேண்டும். சைக்கிளில் வருபவனுக்கு அங்கே கிடைக்கும் இன்பமும் துன்பமும் இதிலிருந்து பிறந்தவையே.

ரோமாபுரியிலிருந்து பிரான்ஸ் எல்லை வரை வரும் அவுரேலியா சாலைதான் அங்கு பிரதான மார்க்கம். அலாஸியோ என்னும் ஊரைத் தாண்டியதும் மேலே முனை, அடுத்துச் செர்வோ முனை, டியானோ மரீனாவுக்கப்பால் பெர்த்தா முனை என்று மூன்று மேடுகள் வரிசையாக வருகின்றன. மூன்றும் சிறியவை, தனித்தனியே ஏறினால் புதியவனும் ஏறிவிடுவான். ஒன்றன்பின் ஒன்றாக வருவதே அவற்றின் கொடுமை. ஏறும்போது ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே கடல். முனையின் உச்சியில் திரும்பியதும் அடுத்த வளைகுடாவும் அதன் ஊரும் விரிந்து கிடக்கும். பெர்த்தாவை விட்டு இறங்கினால் இம்பீரியா. ஒனெலியா, போர்த்தோ மௌரீஸியோ என்ற இரண்டு துறைமுக ஊர்களை 1923-ல் இணைத்து உண்டாக்கிய நகரம் இது. ஆலிவ் எண்ணெய்க்குப் பெயர் பெற்றது.

இங்கிருந்து சான் லொரென்ஸோ கடந்ததும் பந்தயக்காரர்கள் கடற்கரையை விட்டு உள்ளே திரும்பி, ஆலிவ் தோப்புகளுக்கிடையே சிப்ரெஸ்ஸா என்ற மலைக் கிராமத்துக்கு ஏறுகிறார்கள். 5.6 கிலோமீட்டர் தூரம், நூற்றுக்கு 4.1 வீதம் ஏற்றம். மறுபுறம் கடலுக்கு இறங்கிச் சில ஊர்களைக் கடந்த பின்னர்தான் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள போஜ்ஜோ.

இவ்விரு மேடுகளும் ஆதியில் பந்தயத்தில் இல்லை. 1907-ல் முதன்முதல் நடந்தபோது மிலானிலிருந்து தெற்கே வந்து, 532 மீட்டர் உயரமுள்ள துர்க்கீனோ கணவாயைக் கடந்து கடலைக் காண்பதே பெரிய சோதனையாக இருந்தது. 1910-ல் அக்கணவாயில் பனி கொட்டியது. பலர் கைவிட்டுவிட, குளிரில் விறைத்து ஒரு விடுதியில் ஒதுங்கிப் பின்னும் புறப்பட்ட பிரெஞ்சுக்காரர் யூஜீன் கிறிஸ்தோஃப் வென்றார். முடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உலக யுத்தத்துக்குப் பின் 1946-ல் ஃபௌஸ்தோ கோப்பி இரண்டாமவரை 14 நிமிஷம் பின்னால் விட்டு வந்து சேர்ந்தார். நாளடைவில் சாலைகள் செம்மையாகி, கூட்டமாகவே வந்து சேரும் வழக்கம் ஏற்படவே, கூட்டத்தைக் கலைப்பதற்காக 1960-ல் போஜ்ஜோவையும் 1982-ல் சிப்ரெஸ்ஸாவையும் சேர்த்தனர். ஏற்றம் மட்டுமன்று, இறக்கமும் வெற்றியைத் தீர்மானிக்கும். 1992-ல் அயர்லாந்துக்காரர் ஷான் கெல்லி, போஜ்ஜோவின் வளைவுகளில் அச்சமின்றி இறங்கி, முன்னே சென்றுகொண்டிருந்த மொரேனோ அர்ஜெந்தீனைப் பிடித்து வென்றார். அவ்விறக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் நம் இல்லாள் எழுந்து உள்ளே போய்விடுவது வழக்கம்.

பந்தய நாளில் போலீஸார் சாலையை அடைத்துக் கொடுக்கிறார்கள். மற்ற நாட்களில் அவுரேலியாவில் கார்களும் லாரிகளும் ஸ்கூட்டர்களும் நெருங்கி ஓடும். பலமில்லாதவர்களும் குழந்தைகளும் அக்கடலைச் சைக்கிளில் அனுபவிக்க வேண்டுமானால் வேறு வழி வேண்டும். அவ்வழி எங்ஙனம் கிடைத்தது என்பதே நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ஜெனோவாவிலிருந்து வெந்திமிலியா செல்லும் இருப்புப் பாதை 1872 முதல் அக்கடலோரமாகவே ஓடியது. சான் லொரென்ஸோவுக்கும் ஒஸ்பெதலெத்திக்கும் இடையே அது ஒற்றைப் பாதை. ஒற்றைப் பாதையின் அவஸ்தையை நம்மிடம் கேட்க வேண்டும்! எதிர் வண்டிக்காக நிற்க வேண்டும். ஒரு வண்டி தாமதித்தால் அன்றைய அட்டவணை முழுவதும் குலையும். மறுபாதை போடவோ, ஒருபுறம் அலையும் மறுபுறம் ஊருமாக இருந்தமையால் இடமில்லை. ஆகவே மலைக்குள் இரட்டைப் பாதைக்கான புதிய சுரங்கங்கள் வெட்டி, 2001-ல் ரயிலை அங்கு மாற்றினார்கள். சான்ரெமோவின் புதிய ஸ்டேஷனே பூமிக்கடியில் இருக்கிறது. 2016-ல் அந்தோரா வரையிலும் இவ்வாறே மாற்றப்பட்டது. டியானோ மரீனாவில் ஊர் நடுவே இறங்கியவர்கள் இப்பொழுது ஊருக்குப் புறம்பே இறங்குகிறார்கள்.

"அப்படியானால் ரயிலில் போகிறவர்களுக்குக் கடல் தெரியாதே, அப்பா?" என்றான் புதல்வன். தெரியாதுதான். வேகம் கிடைத்தது, காலம் தவறாமை கிடைத்தது, ஜன்னலோரத்துக் கடல் போயிற்று. அட்டவணையோடு மல்லாடுகிறவர்களாகிய நாம் அம்மாற்றத்தைக் குறை கூறமாட்டோம். ஆனால் கைவிடப்பட்ட பழைய தடத்தை என்ன செய்வது என்ற கேள்வியில்தான் ஓர் ஊரின் அறிவு விளங்கும். கடலோரத்து நிலம், அதன் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. துண்டு துண்டாக விற்றிருந்தால் அன்றைக்குப் பணம் வந்திருக்கும். தடமோ என்றைக்கும் மீண்டிராது. அங்ஙனம் செய்யாமல், தண்டவாளத்தைப் பெயர்த்து, நீளம் குலையாமல் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் சைக்கிள் பாதையாக்கினார்கள். அரசாங்கங்கள் செய்தவற்றுள் நாம் பொறாமைப்படும் காரியம் இது.

ரயில் ஓடிய தடமாதலால் அதில் மேடு என்பதே இல்லை எனலாம். சாலை ஏறி வளையும் முனைகளைப் பழைய சுரங்கங்களின் வழியே நேராகக் கடந்துவிடலாம். ஆறு வயதுக் குழந்தையும் அறுபது வயதுப் பாட்டியும் செல்கிறார்கள். வழியில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். சான்தோ ஸ்தெஃபானோ, ரீவா லிகூரே, ஆர்மா தி தஜ்ஜா என்ற ஊர்கள் முன்பு ரயில் பிரயாணிகளுக்கு வந்த அதே வரிசையில் வருகின்றன.

வரைபடத்தில் நாம் வகுத்துள்ள பிரயாணம் இது: முதல் நாள் இத்தடத்தில் மெதுவாகச் சென்று கால்களைப் பழக்குவது, மறுநாள் காலையில், போக்குவரத்து மிகுவதற்கு முன் போஜ்ஜோ, மூன்றாம் நாள் சிப்ரெஸ்ஸா. முனைகள் மூன்றையும் நாற்பது வயதுக்குள் ஏறிவிட வேண்டும் என்று புதல்வன் நமக்குக் கெடு வைத்திருக்கிறான். அதற்கு இன்னும் நான்காண்டுகளே உள. அதுவரை கல்யாண் ஸ்டேஷனுக்குத் தினந்தோறும் சைக்கிளில் செல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

சான்ரெமோவுக்கும் ஒஸ்பெதலெத்திக்கும் நடுவே கறுப்பு முனையின் அடியில் 1,750 மீட்டர் நீளமுள்ள பழைய ரயில் சுரங்கம் ஒன்றிருக்கிறது. அதன் சுவரில் மிலான் – சான்ரெமோ பந்தயத்தின் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் எஞ்சின் ஊதிக்கொண்டு நுழைந்த அவ்வழியில், விளக்கொளியில் அவ்வெழுத்துக்களை வாசித்தபடி மெல்ல மிதித்துச் சென்றால், மறுவாயில் வெளிச்சம் சிறிது சிறிதாகப் பெருகி, வெளியே வந்ததும் இடப்பக்கம் முழுவதும் கடல்.