முகவரிப் பதிவேடும் கணிப்பொறி வலையமைப்பும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் சந்தாபுரா என்னும் ஊர் உள்ளது. அருகிலுள்ள பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை செய்வோர் பலர் இங்கே வாடகைக்குக் குடியிருக்கின்றனர். ஒருவர் காலி செய்த அறைக்கு விரைவிலேயே மற்றொருவர் வந்துவிடுவார். ஆகவே, “மாடியில் மூன்றாவது அறையில் இருந்தவர் யார்?” என்று வினவினால், “எந்த மாதத்தில்?” என்று வீட்டுக்காரர் திருப்பிக் கேட்பது இயல்பு. கணிப்பொறி வலையமைப்பில் முகவரி வழங்கப்படும் முறையும் ஏறக்குறைய இத்தகையதே.

1985-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பூட்பி என்னும் முறையில், இன்ன இயந்திரத்திற்கு இன்ன முகவரி என்று நிர்வாகி முன்கூட்டியே அட்டவணை எழுதி வைக்கவேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக 1993-இல் தோன்றி, 1997-இல் திருத்தம் பெற்றதே இப்போது எங்கும் வழங்கும் டி.எச்.சி.பி. முறை. இதில் முகவரி சொந்தமாகத் தரப்படுவதில்லை. குறிப்பிட்ட காலத்திற்குக் குத்தகையாகவே தரப்படுகிறது. கணிப்பொறியோ கைப்பேசியோ வலையமைப்பில் இணைந்ததும், முகவரி அளிப்பவர் எவரேனும் உண்டா என்று பொதுவாகக் கேட்கிறது. வழங்கி ஒரு முகவரியை முன்வைக்கிறது. கருவி அதனை வேண்டிப் பெறுகிறது. வழங்கி உறுதி செய்கிறது. பதிவேட்டில் இந்த நான்கும் முறையே டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், ஆக் என்று காணப்படும். குத்தகையில் பாதிக் காலம் கழிந்தவுடன் கருவி புதுப்பிக்கக் கோரும்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, நேரம், வழங்கிய முகவரி, கருவியின் வன்பொருள் முகவரி ஆகியவற்றை வழங்கி எழுதி வைக்கிறது. பழுது பார்ப்போருக்கு இது மருத்துவரிடம் உள்ள காய்ச்சல் அட்டவணையைப் போன்றது. ஒரு கணிப்பொறி 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால், அதற்கு வழங்கியிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது பதிவேட்டைப் பார்க்கவேண்டும். டிஸ்கவர் கூட இல்லையெனில் கேட்ட குரலே வழங்கியை எட்டவில்லை. கம்பியையோ சுவிட்சையோ சோதிக்கலாம். டிஸ்கவரும் ஆஃபரும் மாறி மாறி வந்து, ரிக்வெஸ்ட் வராதிருந்தால் பதில்தான் வழியில் தொலைகிறது. ஏணியில் ஏறுமுன் இவ்வளவையும் அறிந்துகொள்ளலாம்.

மற்றொரு சந்தர்ப்பத்தைக் கருதுவோம். ஒரு பள்ளியில் வழங்கியிடம் 100 முகவரிகள் உள்ளன. குத்தகைக் காலம் 24 மணி நேரம். ஆய்வுக்கூடத்தில் 40 கணிப்பொறிகள். காலையில் பயிற்சிக்கு வருவோரின் 35 கைப்பேசிகளும், பிற்பகலில் வேறு 30 கைப்பேசிகளும் இணைகின்றன. எந்த நேரத்திலும் 75-க்கு மேற்பட்ட கருவிகள் கட்டிடத்தில் இல்லை. ஆயினும் காலையில் வந்தவர்கள் போன பின்னும் அவர்களுடைய குத்தகை முடியாததால் 105 முகவரிகள் தேவைப்படுகின்றன. பிற்பகலில் ஐவருக்கு இணைப்புக் கிடைப்பதில்லை. கம்பெனியிடம் புகார் செய்வதும் புதிய ரௌட்டர் வாங்குவதும் வீண் செலவு. விண்டோஸ் வழங்கியின் பதிவேட்டில் 14 என்னும் குறியீட்டெண் இருப்பின், முகவரிகள் தீர்ந்துவிட்டன என்று தெளியலாம். குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறைத்தால் போதும்.

பதிவேட்டில் இல்லாததும் சில வேளைகளில் சான்றாகும். இணையத்தில் ஒழுங்காக இயங்கிவந்த பல இயந்திரங்கள் திடீரென்று பதிவேட்டிலிருந்து மறைந்து, வேறு வரிசை முகவரிகளைக் காட்டினால், எவரோ வீட்டு ரௌட்டர் ஒன்றைக் கொணர்ந்து செருகியிருக்கலாம். அதுவும் தன் பங்கிற்கு முகவரி வழங்கத் தொடங்கிவிடும்.

இப்பதிவேட்டைத் தவறாகப் படிப்பதால் நேரும் கேடு சிறிதன்று. 2007 ஆகஸ்டில், மாமன்னர் சிவாஜியை இழிவுபடுத்தும் படங்கள் ஆர்குட் தளத்தில் வெளியானதை ஒட்டி, பெங்களூரைச் சேர்ந்த கணிப்பொறிப் பொறியாளர் ஒருவரைப் புனே காவல்துறையினர் கைது செய்தனர். இணைய நிறுவனம் அளித்த முகவரி விவரமே ஆதாரம். அவ்விவரம் பிழையானது, அவர் குற்றமற்றவர். எனினும் ஏறக்குறைய 50 நாட்கள் சிறையிலிருந்தார். கேட்கப்பட்ட நேரம் முற்பகலா பிற்பகலா என்று தெளிவாகக் குறிப்பிடப்படாததே காரணம் என அப்போது எழுதப்பட்டது. நேரம் சேராத முகவரி எவரையும் சுட்டாது என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சில மென்பொருள்கள் உள்ளூர் நேரத்தையும், சில உலகப் பொது நேரத்தையும் எழுதும். இரண்டிற்கும் இந்தியாவில் 5.30 மணி வித்தியாசம். அதற்குள் ஒரு முகவரி இருவர் மூவரிடம் கைமாறியிருக்கும். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த ஆணை, தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளுடன் கடிகாரங்களை இசைவிக்குமாறும், பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்குமாறும் கூறுகிறது. அரசு அமைப்புகளும் இதற்கு உட்பட்டவை. ஆனால் விண்டோஸ் வழங்கி, தானாக விட்டால், கிழமைக்கு ஒரு கோப்பாக எழுதி, திங்கட்கிழமைக் கோப்பை அடுத்த திங்களன்று அழித்து மேலே எழுதிவிடும். ஆதலால் வாரம் தவறாமல் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைக்கவேண்டும்.

வன்பொருள் முகவரியையும் இப்போது முழுதாக நம்பவியலாது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம், 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14-உம் வைஃபையில் புனைமுகவரியைக் காட்டுகின்றன. அம்முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றுள் ஒன்றாக இருப்பின், அது தொழிற்சாலையில் பொறித்ததன்று என்று கொள்ளலாம். பள்ளிக்குச் சொந்தமான இயந்திரங்களின் உண்மையான வன்பொருள் முகவரிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அறைவாரியாக எழுதி வைத்திருந்தால், பதிவேட்டில் நம்முடையது எது, விருந்தாளி எது என்று பிரித்தறிவது எளிது.