வெண்கலத் திருமேனிகளைக் காணச் செல்வோருக்கு



திருவிழாக் காலத்தில் சுவாமி வெளிவீதி வரும்போது நாம் காண்பது யாது? பட்டும் பூமாலையும் பொன்னாபரணங்களும் சாத்தப்பட்டு, திருவாசியின் ஒளிக்கு நடுவே விளங்கும் திருமுகத்தை மாத்திரமே காண்கின்றோம். சாத்துப்படி செய்தவரின் கைவண்ணத்தை மெச்சுகின்றோம். அந்தப் பட்டுக்கும் பூவுக்கும் உள்ளே நிற்கும் உலோக வடிவத்தை, அதனை வார்த்த சிற்பி எவ்வாறு கண்டானோ அவ்வாறு முழுமையாகக் கண்டவர் நம்முள் மிகச் சிலரே. அபிடேக வேளையில் அருகே நிற்கப் பெற்றோர் சிறிது காண்பர். முதுகுப் புறத்தை அவர்களும் காண்பதில்லை.

நூதனசாலையில் நிலைமை நேர்மாறானது. அங்கே பட்டில்லை, பூவில்லை, தீபமில்லை. கண்ணாடிப் பேழைக்குள்ளே, மின்விளக்கின் கீழே, செம்பு வடிவம் தனியே நிற்கின்றது. கோயில் மறைப்பதை நூதனசாலை காட்டுகின்றது. கோயில் காட்டுவதை நூதனசாலை மறைத்துவிடுகின்றது. ஆதலால் ஒன்றை மாத்திரம் கண்டவர் பாதியையே கண்டவராவர். இவ்விரு பாதிகளையும் பொருத்திப் பார்ப்பதற்குப் பெருநகரத்துப் பெரிய சாலைகளிலும் பார்க்க, அவ்வப் பிரதேசத்திலேயே அமைந்த சிறிய சாலைகள் உகந்தவை என்பது என் எண்ணம். அதற்கு உதாரணமாகத் தஞ்சாவூரையும் நமது பொலன்னறுவையையும் இன்று எடுத்துக்கொள்வோம். இவ்விரண்டும் ஒரு காலத்திற் சோழர் ஆட்சியால் இணைக்கப்பட்டிருந்த இடங்கள்.

தமிழகத்தார் அருங்காட்சியகம் என்பதை நாம் நூதனசாலை என்று வழங்குகின்றோம். பழம்பொருள்களை வைக்கும் இடத்துக்கு நூதனமென்ற பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கைதான்.

தஞ்சாவூர்க் கலைக்கூடம், நாயக்கர் காலத்தில் எழுந்து மராட்டியர் காலத்திலும் பயன்பட்ட அரண்மனைக்குள்ளே, சரசுவதி மகால் நூல்நிலையத்துக்கு அயலில் இருக்கின்றது. அது 1951ஆம் ஆண்டிலே தோன்றியது. அது தோன்றிய வரலாற்றைத் தஞ்சையிற் பின்வருமாறு சொல்வார்கள். கரந்தையிலிருந்த பிரமன் சிலையொன்றைக் கல்கத்தா நூதனசாலைக்குக் கொண்டுசெல்ல வெளியூர் அறிஞரொருவர் முயன்றார். ஊரார் விடவில்லை. அதனை அறிந்த மாவட்ட ஆட்சியாளர், இத்தகைய சிலைகளுக்கு இவ்வூரிலேயே ஓர் இடம் வேண்டுமென்று கருதி இக்கூடத்தை நிறுவினார். பிரதேச நூதனசாலையொன்றின் பிறப்புக்கு இதனினும் தக்க காரணம் வேண்டுமோ?

அக்கூடத்திலுள்ள திருமேனிகளுள் யான் முதலிற் காணச் சொல்வது திருவெண்காட்டு இடபவாகன தேவரையே. மூன்றரை அடி உயரம் உள்ள வடிவம். இளைஞனொருவன் கால்மேற் கால் மாறி நிற்கின்றான். சடை தலைப்பாகைபோற் சுற்றப்பட்டு, பாம்புகள் அதனுட் பின்னிக் கிடக்கின்றன. ஒரு கை தளர்ந்து தொடையருகே நிற்க, மற்றைக் கை முழங்கையில் மடிந்து வெற்றிடத்தின்மேல் ஊன்றியிருக்கின்றது. அந்த வெற்றிடத்திலே ஒரு காலத்தில் இடபம் நின்றது. இன்று அஃது இல்லை.

இங்கே சிறிது நேரம் நில்லுங்கள். எருது இல்லாதபோதும் அதன் முதுகு எவ்வளவு உயரத்தில் இருந்தது, அது எவ்வளவு அசையாது நின்றது என்பவற்றை அந்தக் கையே நமக்குச் சொல்லிவிடுகின்றது. உடலின் பாரம் எதன்மேலோ சாய்ந்திருப்பதை இடுப்பின் வளைவு காட்டுகின்றது. சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை என்பதைக் கண் ஏற்க மறுக்கின்றது. இடபமும் கிடைத்திருந்தால் நாம் இவ்வளவு கூர்ந்து நோக்கியிருப்போமோ என்று கூட எனக்குத் தோன்றுவதுண்டு.

இவ்வடிவத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளிற் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு கூற இயலாது. அமைப்பைக் கொண்டு நூற்றாண்டை ஊகிப்பதே வழக்கம். இடபவாகன தேவருக்கோ திருவெண்காட்டுக் கோயிற் கல்வெட்டுச் சான்றாக நிற்கின்றது. முதலாம் இராசராசனது 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011ஆம் ஆண்டில், இத்திருமேனி பற்றிய செய்தி அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. தேவியின் திருமேனி அடுத்த ஆண்டிலே, 1012இல், எழுந்தது. ஆகவே இவ்விரண்டையும் அளவுகோலாக வைத்து ஏனைய பல வடிவங்களின் காலத்தை ஆய்வாளர் கணிக்கின்றனர். சிலை தஞ்சாவூரிலும் அதன் பிறப்புச் சாசனம் திருவெண்காட்டிலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே காவிரி நாட்டில், ஒரு நாளிற் போய்வரத்தக்க தூரத்தில் உள்ளன. பிரதேச நூதனசாலையின் பயன் இத்தகையது. இலண்டனிலோ நியூயோர்க்கிலோ ஒரு நடராசரைக் காண்பவர், அவர் எழுந்தருளியிருந்த மண்டபத்தை மறுநாட் காலையிற் சென்று காண இயலுமா?

இவை நூதனசாலைக்கு வந்த வழியையும் அறிதல் வேண்டும். ஆபத்துக் காலங்களிலே கோயிலார் உற்சவ மூர்த்திகளை நிலத்திற் புதைத்து மறைத்தனர். மறைத்தவர் மாண்டபின் மறைவிடமும் மறந்துபோயிற்று. பின்னொரு காலத்தில் உழுவோனுடைய கொழுவிலோ, அத்திவாரம் வெட்டுவோனுடைய மண்வெட்டியிலோ அவை தட்டுப்பட்டன. திருவெண்காட்டுத் திருமேனிகள் 1950களின் தொடக்கத்தில் இவ்வாறே மண்ணிலிருந்து வெளிப்பட்டன. மண்ணிற் கிடைக்கும் புதையலை அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்று இந்தியாவில் 1878ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அச்சட்டத்தின் வழியாகவே பல மூர்த்திகள் கூடங்களை அடைந்தன.

புதைந்து கிடந்ததையும் பூசையில் இருந்ததையும் பார்த்த மாத்திரத்தில் வேறுபடுத்தி அறியலாம். நெடுங்காலம் பூசை கண்ட மூர்த்தியின் மூக்கும் உதடும் மார்பணிகளும் தேய்ந்து வழவழப்பாயிருக்கும். நூற்றாண்டுக் கணக்காகப் புளியிட்டு விளக்கியதும் அபிடேகம் செய்ததும் அதற்குக் காரணம். இளமையிலேயே மண்ணுள் மறைந்த வடிவத்திலோ, ஆடையின் மடிப்பும் அரைப்பட்டிகையின் முத்தும் இன்றும் கூர்மையாக இருக்கும். மேனியிற் பச்சைப் படலம் படர்ந்திருக்கும். தேய்வைக் குறையென்று எண்ணற்க. அஃது எத்தனையோ தலைமுறைகளின் கைபட்ட அடையாளம்.

இன்னுஞ் சில. பீடத்தைக் குனிந்து பாருங்கள். அதிலுள்ள துளைகளும் வளையங்களும் தண்டு செருகிச் சுமப்பதற்கு அமைந்தவை. இவ்வடிவம் ஓரிடத்தில் நிற்பதற்காக அன்றி, வீதியிலே தோள்மேல் அசைந்து வருவதற்காகச் செய்யப்பட்டது என்பதற்கு அவையே சாட்சி. அடுத்து, பேழையைச் சுற்றி வாருங்கள். முதுகுத்தண்டின் பள்ளமும், தோளில் விழுந்த சடையின் சுருளும், இடையில் முடிந்த ஆடையின் தொங்கலும் முன்புறத்துக்குச் சற்றுங் குறையாத கவனத்தோடு ஆக்கப்பட்டிருக்கும். எவரும் காணாத பக்கத்தையும் சிற்பி ஏன் இவ்வாறு செய்தான்?

அதற்கு வார்ப்பு முறையே ஓரளவு விடை தரும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பைக் கொண்டு சிற்பி முதலில் முழு வடிவத்தையும் கையாற் சமைக்கின்றான். அதன்மேல் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, மேலும் பருமண் அப்பி, இரும்புக் கம்பியாற் கட்டிச் சூடேற்றுகின்றான். மெழுகு உருகி வழிந்துவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்திலே உருக்கிய உலோகம் வார்க்கப்படும். ஐம்பொன் என்று பேர் சொன்னாலும் அதிற் பெரும்பங்கு செம்பே. ஆறியபின் மண் அச்சு உடைக்கப்படுகின்றது. அச்சு உடைந்தமையால் இரண்டாவது பிரதிக்கு இடமில்லை. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுவாமிமலையில் இம்முறையை இன்றும் காணலாம். மெழுகைக் கையிலே திருப்பித் திருப்பிச் செய்தவனுக்கு முன்புறம் பின்புறம் என்ற பேதம் இல்லை. நாம் காணும் வளைவு செம்பின் வளைவன்று, மெழுகில் ஒரு விரல் சென்ற வழியே.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 11ஆம் நூற்றாண்டிற் சோழர் இலங்கையின் வடபகுதியைக் கைக்கொண்டு, பொலன்னறுவையைத் தலைநகராக்கிச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். 1070ஆம் ஆண்டில் முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றினான். அரசு மாறியபோதும் சிவன் கோயில்கள் ஒழிந்துவிடவில்லை. 1907, 1908ஆம் ஆண்டுகளிலே தொல்பொருள் ஆணையாளர் பெல் அவர்கள் முதலாம் இலக்கச் சிவ தேவாலயத்தில் அகழ்ந்தபோது நடராசர், உமாதேவியார், சுந்தரர் முதலிய பல திருமேனிகள் வெளிப்பட்டன. 1960ஆம் ஆண்டில் ஐந்தாம் இலக்கத் தேவாலயத்திலிருந்து மற்றுமொரு தொகுதி கிடைத்தது. இவற்றுக்கு 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை காலம் கூறுவர். இவை இந்நாட்டிலே வார்க்கப்பட்டனவா, கடல்கடந்து வந்தனவா என்பதில் ஆய்வாளர் இன்னும் ஒருமுகப்படவில்லை.

முதற் கண்டெடுப்பின் சிறந்த வடிவங்கள் கொழும்புக்கு எடுத்துச் செல்லப்பட்டன. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையில் இருக்கும் இவற்றைக் காணும் கண்ணை நமக்குத் தந்தவர் இருவர். ஆனந்த குமாரசுவாமி 1914ஆம் ஆண்டில் அச்சாலையின் வெண்கலங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் பொலன்னறுவைத் திருமேனிகளையும் சிவ வழிபாட்டையும் பற்றி விரிவான கட்டுரை வரைந்தார். ஒருவர் வடிவை விளக்க, மற்றவர் அவ்வடிவை வணங்கியோர் உள்ளத்தை விளக்கினார். கொழும்பிலுள்ள சுந்தரரின் முன்னே நிற்பவர் இவ்விரண்டையும் வேண்டுவர். ஏதோ ஒன்றைக் கண்டு அக்கணமே திகைத்து நின்ற இளைஞனின் முகம் அது. திருமணப் பந்தரிலே ஓலை காட்டித் தடுத்தாட்கொள்ளப்பட்ட கதையை அறியாதார்க்கு அத்திகைப்பு வெறும் அழகாகவே நின்றுவிடும்.

ஆயினும் பொலன்னறுவைக்கே செல்லுங்கள் என்று சொல்வேன். அங்கே பராக்கிரம சமுத்திரக் கரையருகில், நெதர்லாந்தின் உதவியுடன் 1990களின் இறுதியில் அமைந்த நூதனசாலை, பழைய நகரின் ஒழுங்கிலேயே வகுக்கப்பட்டுள்ளது. அரண் சூழ்ந்த உள்நகர், வெளிநகர், விகாரைகள், புறநகர் என்று ஒவ்வோர் அறையாகக் கடந்து சென்றால் இந்து ஆலயங்களின் பொருள்கள் உள்ள அறை வரும். அவ்வறையில் வெண்கலத் திருமேனிகள் உள்ளன. கட்டடங்கள் கூரையோடு விளங்கியபோது எவ்வாறிருந்தன என்பதைக் காட்டும் மாதிரிகளும் இச்சாலையில் உண்டு. மொட்டைத் தூண்களை வெயிலில் நின்று பார்த்துக் களைப்பதற்கு முன் அவற்றைக் காண்பது நலம்.

வெளிநாடுகளில் நடைபெறும் பெருங் கண்காட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. இலண்டன் றோயல் அக்கடமியில் 2006, 2007இல் நடந்த சோழர் வெண்கலக் கண்காட்சி போன்றவை பல நூதனசாலைகளின் செல்வத்தை ஓரிடத்திற் சேர்க்கின்றன. அந்த நன்மை பெரிது. சில மாதங்களின் பின் எல்லாம் பிரிந்துபோகும்.

சொல்ல வேண்டுவது வேறொன்று. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து 2006ஆம் ஆண்டளவில் ஒரு நடராசர் களவாடப்பட்டார். 2008இல் அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரை 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. முன்னரே புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் அக்கோயிலில் எடுத்து வைத்திருந்த நிழற்படம் உண்மையை வெளிப்படுத்த உதவியது. 2014இல் மூர்த்தி இந்தியாவுக்கு மீண்டார். ஒரு நிழற்படமும் ஒரு பதிவும் இல்லாதிருந்தால் மீட்சி ஏது? இத்தகைய களவுகளுக்கு அஞ்சித் தமிழகத்திலே பல்லாயிரம் உற்சவ மூர்த்திகள் திருவாரூர் முதலிய இடங்களிலுள்ள பாதுகாப்பகங்களுள் வைத்துப் பூட்டப்பட்டிருக்கின்றன. அங்கே பூசிப்பாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. கோயிலில் வைத்தால் கள்வன், பூட்டிவைத்தால் இருள் என்ற இக்கட்டின் நடுவில், ஊருக்கு அணித்தான ஒரு நூதனசாலை முழு விடை அன்றெனினும் பாதி விடையாவது ஆகும். மூர்த்தி கோயிலுக்கே உரியவர் என்று வாதிப்போரை யான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பாதுகாப்பகத்தின் பூட்டையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பொலன்னறுவைக்குச் செல்வோர் காலையில் நூதனசாலையைக் கண்டு, வெயில் தாழ்ந்தபின் இரண்டாம் இலக்கச் சிவ தேவாலயத்துக்குச் செல்லலாம். அடிமுதல் முடிவரை கல்லாலேயே கட்டப்பட்ட சிறிய கற்றளி அது. முதலாம் இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமாகிய வானவன் மாதேவியின் பெயரால் வானவன்மாதேவி ஈச்சரம் என வழங்கியது. சுவரிலே தமிழ்க் கல்வெட்டு உண்டு. கருவறையில் இலிங்கம் உண்டு. வாயிலிற் சிறிது நின்று, அன்று காலை கண்ணாடிக்குள்ளே கண்ட நடராசரையும் தேவியையும் இத்தகைய ஒரு முன்றிலில் வைத்து, பட்டும் பூவும் சாத்தி, தண்டுகளைப் பீடத்திற் செருகி, வீதிக்கு எழுந்தருளச் செய்து பாருங்கள்.