மைல் கணக்குக்கும் இரண்டாம் பூட்டு

பிரம்மதேசத்திலிருந்து சென்னை சென்று வளைகுடாவுக்கு விமானமேறும் பிள்ளை உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். பறந்த பயணத்துக்கு ஈடாக விமான நிறுவனம் அவர் பெயரில் வரவு வைக்கும் ‘மைல்’களைச் சேர்த்துப் பெற்றோருக்கே ஒருநாள் டிக்கெட் எடுத்துவிடலாம். அதுவும் பணமன்றோ! வங்கிக் கணக்குக்குக் காட்டும் கவனத்தை அதற்கு யார் காட்டுகிறோம்?

2021 மே மாதம் ஏர் இந்தியா அறிவித்ததை நினைவுகூருங்கள். சுமார் 45 லட்சம் பயணிகளின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட், மைல் கணக்கு விவரங்கள் கசிந்திருந்தன. கடவுச்சொற்கள் தப்பின. ஆனால் ஒரே கடவுச்சொல்லை எங்கும் வைத்திருப்பவருக்கு அது என்ன ஆறுதல்? வேறோரிடத்தில் கசிந்த சொல் இங்கும் திறக்குமே!

கடவுச்சொல்லுடன் ஓ.டி.பி.யும் கேட்கும்படி அமைத்துவிட்டால் திருடனுக்குச் சொல் மட்டும் போதாது. அவ்வசதி தம் கணக்கில் உண்டா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்திய சிம்மை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனவர், அங்கு பயன்படுத்தும் எண்ணையே பதியட்டும். இல்லையேல் பூட்டு அவரையே வெளியில் நிறுத்திவிடும்.