கடல் எவ்வளவு உயர்ந்தது? பிழையை அளந்தால்தான் தெரியும்

உலகக் கடல்மட்டம் 1993 முதல் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. ஆண்டுக்குச் சராசரியாக 3.3 மில்லிமீட்டர். ஓர் அரிசி மணியின் நீளம்கூட இல்லாத இந்த மாற்றத்தை, 1,336 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பள்ளியில் அறிவியல் பாடத்தில் இந்த எண்ணைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் அளவீட்டுப் பிழைகளைப் பற்றிப் படித்தபோதுதான், எண்ணைவிட அதன் பின்னால் உள்ள சரிபார்ப்பு என்னை அதிகம் ஈர்த்தது.

அடிப்படை எளிமையானது. செயற்கைக்கோள் ரேடார் அலையைக் கீழே அனுப்புகிறது. அலை கடல்பரப்பில் பட்டுத் திரும்ப ஏறத்தாழ 9 மில்லிவிநாடி ஆகிறது. அந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடப்படுகிறது. ஆனால், ஒரு விநாடியை 15 பில்லியன் கூறுகளாகப் பிரித்து, அதில் ஒரு கூறு தவறினாலும் உயரம் ஒரு சென்டிமீட்டர் மாறிவிடும்.

வழியிலும் தடைகள் உண்டு. காற்று அலையைத் தாமதப்படுத்துவதால், கடல் ஏறத்தாழ 2.3 மீட்டர் தாழ்வாகத் தெரியும். நீராவியின் பங்கு தனி. நம் வெப்பமண்டல வட்டாரத்தில் அது 30 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடும். கடல் அலைகளின் முகடுகளைவிடப் பள்ளங்கள் ரேடாரை நன்றாகப் பிரதிபலிப்பதும் கணக்கைக் குழப்பும். ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தம் உண்டு. எல்லாத் திருத்தங்களுக்குப் பிறகும், ஒரு தனி அளவீட்டில் சுமார் 3 சென்டிமீட்டர் பிழை எஞ்சுகிறது.

சராசரி தீர்க்காத பிழை

அப்படியானால் மில்லிமீட்டர் கணக்கு எப்படிச் சாத்தியம்? தற்செயலாக மேலும் கீழும் விழும் பிழைகள், சராசரி எடுக்கும்போது ஒன்றையொன்று பெருமளவு சமன்செய்துவிடும். ஒன்றையொன்று சாராத 100 அளவீடுகளின் சராசரியில் பிழை பத்தில் ஒரு பங்காகக் குறையும். செயற்கைக்கோளோ கோடிக்கணக்கில் அளக்கிறது.

கருவியே மெல்ல மெல்ல ஒரே பக்கம் விலகினால் நிலைமை வேறு. கோடி முறை அளந்தாலும் அந்த முறையான பிழை அப்படியே நிற்கும். கடல் உயர்கிறதா, கருவி விலகுகிறதா என்று அந்தத் தரவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்கு உண்மையான எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவும் பிரான்சும் 1992ல் ஏவிய டோபெக்ஸ்/பொசைடன் செயற்கைக்கோள், தொடக்கத்தில் கடல் உண்மையைவிட வேகமாக உயர்வதாகக் காட்டியது. கரையோர, தீவுகளின் கடல்மட்ட அளவுமானிகளுடன் ஒப்பிட்டபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. கருவியின் கடிகாரத் திருத்தத்தைக் கணக்கிடும் மென்பொருளில் தவறு இருந்தது 1996ல் தெரியவந்தது.

மூன்று வழிகள்

பிழையை மதிப்பிட இன்று பல வழிகள் உள்ளன. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, செயற்கைக்கோளின் ஏறுபாதையும் இறங்குபாதையும் வெட்டிக்கொள்ளும் இடங்கள். சில நாள் இடைவெளியில் அதே இடத்தை இருமுறை அளந்து, வேறுபாட்டை ஆராய்கிறார்கள்.

இரண்டாவது, இரு செயற்கைக்கோள்களை ஒரே பாதையில் பறக்கவிடுவது. 2020 நவம்பரில் ஏவப்பட்ட சென்டினல்-6, ஏறத்தாழ ஓராண்டு காலம் ஜேசன்-3 செயற்கைக்கோளுடன் 30 விநாடி இடைவெளியில் பறந்தது. அரை நிமிடத்தில் கடலோ காற்றோ பெரிதாக மாறாது. ஆகவே, தெரியும் வேறுபாடு பெரும்பாலும் கருவிகளுடையது.

மூன்றாவது, தரையிலிருந்து சரிபார்ப்பது. கலிஃபோர்னியா கடலில் உள்ள ஹார்வெஸ்ட் எண்ணெய் மேடை, 1992 முதல் இப்பணிக்கு உதவியது. அளவுமானி நிற்கும் தரையே அமிழலாம் என்பதால், ஜிபிஎஸ் கொண்டு அதையும் கண்காணிக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, ஆண்டுக்கு 3.3 என்ற எண்ணுடன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரையிலான ஐயப்பாடும் சேர்த்துத் தரப்படுகிறது.

நமக்கு என்ன?

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் சுமார் 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் தவறாகக் கணித்தால், 50 ஆண்டுகளில் அது 10 சென்டிமீட்டர் ஆகும். தடுப்புச் சுவரின் உயரத்தை முடிவுசெய்வோருக்கு அது பெரிய வேறுபாடு.

செயற்கைக்கோள் அதிகம் தடுமாறுவதும் கரையோரத்தில்தான். ரேடார் அலை பல கிலோமீட்டர் அகலத்தில் விழுவதால், நிலத்தின் எதிரொலியும் கலந்துவிடும். நீராவியை அளக்கும் கருவி பார்க்கும் பரப்பு இன்னும் பெரிது. குறுகலான சிங்கப்பூர் நீரிணையில் இந்தச் சிக்கல் கடுமையானது. அதனால் நம் கரைகளில் உள்ள அளவுமானிகளின் நீண்டகாலப் பதிவுகளுக்கு மதிப்பு அதிகம்.

ஆய்வக அறிக்கையின் இறுதியில் வரும் பிழைப் பகுதியைச் சடங்காக நினைக்கும் மாணவர்கள் உண்டு. அடுத்த முறை அதை எழுதும்போது, இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பிழை சராசரி எடுத்தால் குறையுமா? குறையாது என்றால், இதைச் சரிபார்க்க வேறொரு கருவி இருக்கிறதா? கடல்மட்ட ஆய்வாளர்கள் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்விகளும் இவைதான்.