குதிக்காமலே கரை சேர்க்கலாம்!

ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டிவிட்டால் எங்கள் இரும்புலியூர் ஏரியும் பக்கத்துப் பீர்க்கன்கரணை ஏரியும் தளும்பி நிற்கும். கண்ணுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்! "தண்ணீர்ப் பக்கம் போகாதேடா" என்று அதட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா, சகோதரிகளே?

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் குளிக்க வந்த நான்கு வாலிபர்கள் ஆழத்தில் சிக்கிக்கொண்டார்கள். துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள், கட்டியிருந்த புடவைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சுதந்திர தினத்திலேயே தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்துக் கௌரவித்தது.

உயிர்காப்புப் பயிற்சியிலும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கம்பையோ துணியையோ எட்டிக் கொடு. எட்டாவிட்டால் கயிற்றை வீசு. படகிருந்தால் படகில் போ. தண்ணீரில் இறங்குவது கடைசி வழி. ஏன் தெரியுமா? முழுகுகிறவர் உயிர்ப் பயத்தில் அகப்பட்டதை இறுகப் பிடித்துக்கொள்வார். நல்ல நீச்சல்காரரையும் உள்ளே அமுக்கிவிடுவார். அந்தப் பிடியிலிருந்து விடுபடுவதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.

எல்லோரும் கூச்சல் போடுவார்கள் என்றும் நினைக்காதீர்கள். மூச்சுக்கே திணறுகிறவருக்குக் குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் முங்கி முங்கி எழுந்தால் ஆபத்து என்று அறியுங்கள். உடனே ஆள்களைக் கூப்பிடுங்கள். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு புடவையை நீட்டுங்கள். நின்றுகொண்டு நீட்டினால் உங்களையும் இழுத்துவிடும். மூடியிட்ட காலி பிளாஸ்டிக் கேன் கிடைத்தால் வீசுங்கள்; பிடித்துக்கொண்டு மிதப்பார்.

கரைக்கு வந்தபின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் கூடவே கூடாது. 108-க்குச் சொல்லுங்கள். மூச்சில்லையென்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவே வேகமாக 30 முறை அமுக்கி, 2 முறை ஊத வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

படித்தால் மட்டும் போதாது, கை பழக வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவி வகுப்பு நடத்துகிறது. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி நீர்மீட்புப் பயிற்சி தருகிறது. "நாற்பது வயசுக்கு மேல் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறீர்களா? தண்ணீரில் தத்தளிக்கிற பிள்ளை நம் வயசையா கேட்கப்போகிறது?