இல்லாத ஒன்றை எப்படித் துறப்பது?

ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ வேலை பார்க்கும் கொரிய இன்ஜினீயரிடம் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால், பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிவிடுவார். தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழ் இளைஞரிடம் அகதி அடையாள அட்டையும் ஆதாரும்தான் இருக்கும். இரண்டுமே குடியுரிமைக்குச் சான்றாகாது.

1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்களுக்குச் சிக்கல் குறைவு, பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைக் காட்டி வழக்காடி, 2022-ல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024-ல் ஓட்டும் போட்டார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். விண்ணப்பிக்கலாம் என்றால், பாஸ்போர்ட் இல்லாமல் படகேறி வந்தவர்கள் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்று சட்டம் குறுக்கே நிற்கிறது.

அந்தத் தடை நீங்கினாலும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது: வேறு நாட்டுக் குடியுரிமையைத் துறக்கிறீர்களா? இலங்கைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை இலங்கை அரசிடம் பதிந்தால்தான் அது இலங்கைக் குடிமகன். முகாமிலேயே பதியாமல் வளர்ந்தவர் எதைத் துறப்பார்? ‘இவர் எங்கள் குடிமகன் அல்ல’ என்று எந்த அலுவலகம் எழுதிக் கொடுக்கும்?

இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் நிலை இன்னும் மோசம். 1948-ல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. 1983 கலவரத்துக்குப் பின் ஓடிவந்தவர்களில், அந்த ஒப்பந்தப்படியான குடியுரிமை நடைமுறை முடியாதவர்களும் இருந்தார்கள். அத்தகைய குடும்பங்களின் மனுவில், புது விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

வழி இல்லாமல் இல்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கான 2024 விதிகளில், விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பழைய குடியுரிமை துறந்ததாகும் என்ற உறுதிமொழியே போதும். இலங்கைத் தமிழர் அந்தப் பட்டியலில் இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிந்தவர்கள் மீது பாஸ்போர்ட், விசா குற்ற நடவடிக்கை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. ஆனால், அதனால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது.

இத்தனைக்கும், விரும்பி வேறு நாட்டவரானால் இலங்கைக் குடியுரிமை பொதுவாகத் தானாகவே போய்விடும். அப்படியிருக்க, இங்கே பிறந்து வளர்ந்தவரிடம் கொழும்பின் சான்றை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. மற்ற மூன்று நாட்டினருக்குப் போதுமான அந்த ஓர் உறுதிமொழி இவர்களுக்கும் போதும்.