பருத்திப் பையும் சின்னப் பொட்டலமும்

பருத்திக்குப் பெரிய எதிரி காய்ப்புழு. காய்க்குள் புகுந்துவிட்டால் தெளிக்கும் மருந்து அதன்மேல் படாது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் இந்தப் புழுவைக் கொல்லும் நஞ்சை உண்டாக்குகிறது. அதன் மரபணுவை எடுத்துப் பருத்தியில் சேர்த்தார்கள். இதுதான் பி.டி. பருத்தி.

1998-இல் கர்நாடகத்தில் சோதனைக்குப் பயிரிட்ட செடிகளை உழவர்கள் பிடுங்கிக் கொளுத்தினார்கள். விதை கம்பெனி கைக்குப் போய்விடும் என்று பயந்தார்கள். 2002-இல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது.

பயந்தது வீணா? இது வீரிய ஒட்டு விதை. எடுத்து வைத்து மறுவருடம் விதைத்தால் சீராக விளையாது. கடைக்குத்தான் போக வேண்டும். தொடக்கத்தில் 450 கிராம் விதை சுமார் 1,600 ரூபாய்! ஆந்திர அரசு முறையிட்ட பிறகே, 2006-இல், விலை பாதிக்கும் கீழே இறங்கியது.

முதல் சில ஆண்டுகள் காய்ப்புழு குறைந்தது உண்மைதான். மருந்துச் செலவும் குறைந்தது.

விதைப் பையோடு 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் ஒன்றும் வந்தது. அதை வயலைச் சுற்றி விதைக்க வேண்டும். ஏன் தெரியுமா? அங்கே சாதாரணப் புழுக்கள் பிழைத்திருக்கும். நஞ்சைத் தாங்கிய புழுவோடு அவை இனம் சேரும். அப்போது நஞ்சைத் தாங்கும் இனம் சீக்கிரம் பெருகாது. பலர் அந்தப் பொட்டலத்தை விதைக்கவே இல்லை. புழு தின்ன யார்தான் நிலம் ஒதுக்குவார்கள்? கடையில் விளக்கிச் சொன்னவரும் குறைவு. 2017-இல் மகாராஷ்டிரத்தின் விதர்பாவில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. காய்களையே குடைந்து தின்றது.

பி.டி. கத்திரிக்காய் வந்தபோது 7 நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது.